கடைசி வரை பார்த்த மேகப் படம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம், அவர் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீ சுகமா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? கார்ட்டூன் படம் வரைகிற வேலை அங்கேயே நிரந்தரமாகிறது, இனி வருஷத்துக்கு ஒருமுறைதான் வர முடியும், ஒத்துக்கட்டுமாம்மா என்று நீ போனில் கேட்டபோது, அடுப்புல பால் இருக்குடி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை. வந்துடு என்று சொல்லத்தான் நாக்கு துடித்தது.

நான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியில் பிள்ளைகளுக்குப் போடுவோமே, கதைப் புத்தகத்திலிருந்து எடுத்த அந்தப் பழைய கார்ட்டூன், மேகத்தில் ஏறிப் போகிற பெண், ஞாபகம் இருக்கா? பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் கிளம்பும்வரை நீயும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாய். புதுப் பிள்ளை உள்ளே வந்தால் படத்தை முதலிலிருந்து போட வேண்டும் என்பது டாக்டரம்மா சட்டம், அழுகிறது அதில்தான் அடங்கும். அதனால் மேகம் கூரை வரை இறங்கும், அவள் காலைத் தூக்கி வைப்பாள், அதோடு சரி, கடைசியை யாருமே பார்த்ததில்லை, நீயும்தான், நானும்தான். அப்புறம் என்னாச்சு ஆன்ட்டி என்று கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம், புத்தகத்தில் உள்ளபடி, அம்மாவைத் தேடி வந்துட்டா, நீ வாயைத் திற என்று சொல்லியே காலத்தை ஓட்டிவிட்டேன்.

போன வாரம் ஒரு வாயாடி, கன்னம் மரத்துப்போய்ப் பேச்சே குழறுகிறது, எதுக்கு வந்தா, இப்பத்தானே போனா என்று என்னோடு சண்டைக்கே வந்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. படத்தைக் கேட்டு வாங்கி வந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போட்டுப் பார்த்தேன், அப்பா பக்கத்திலேயே குறட்டை. புத்தகத்தில் இருப்பதுபோல எடுக்கவில்லையடி அவர்கள். அவள் வரவேயில்லை. மேகத்துக்கு மேலே ஒரு ஊர், தெருவெல்லாம் பஞ்சு, வீடுகள் மெல்ல மெல்ல மிதக்கின்றன, அவள் ஒரு பெரிய தூரிகையை வைத்துக்கொண்டு சாயங்கால வானத்துக்கு வர்ணம் பூசுகிறாள். கீழே, துணி எடுக்க மொட்டை மாடிக்கு வந்த அம்மாக்காரி அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நிற்கிறாள், பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. நம் கூடத்துச் சுவரெல்லாம் ஆரஞ்சாகிவிட்டது, நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்றே கொஞ்ச நேரம் தெரியவில்லை. முதன்முதலாக நீ வரைந்த கடல் படத்தை எனக்குப் போனில் காட்டினாயே, அன்றைக்கு உன் முகம் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது அந்தப் பெண் முகம்.

ஒத்துக்கொள் கண்ணு. நீ வர வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை, பொய் சொல்ல மாட்டேன், இதை எழுதும்போதே கண்ணீர் கண்ணை மறைக்கிறது, ஆனாலும் ஒத்துக்கொள். குளிரில் ஈரத்தலையோடு வெளியே போகாதே. உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், நினைத்ததெல்லாம் நடந்து நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அப்பாவிடம் நீயே சொல்லிவிடு. நான் சொல்லப் போனால், அவளை வந்துடச் சொல்லுங்க என்று என் வாயே சொல்லிவிடும்.

எந்நேரமும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா