நூலின் மறுமுனை

மாப்ளே,

இன்று காலை லேப்டாப் பையைத் தட்டியபோது நம் நூல் விழுந்தது. ஒரு முழ வெள்ளை நூல். ஒரு முனை பிரெஸ் மை ஏறிக் கறுத்திருக்கிறது, அது நான் பிடித்தது. மறுமுனையில் உன் வேன் கிரீஸ்.

காலண்டர் வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கம் அறுகோணக் கட்டம் கட்டமாக நான் அச்சடித்து வருவேன். ஞாயிறு மதியம், ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலைகளுக்கு ஆள் ஏற்றுகிற வேனைக் கழுவிப் போட்டுவிட்டு நீ வருவாய். அட்டையில் வெட்டிய பீரங்கிகள், ஒரு ஆறு, நாலு குன்று. அதுதான் நம் போர்க்களம். என் பீரங்கிக்கு உன் பீரங்கி தெரிகிறதா என்று பார்க்க, நூலை என் கட்டத்தின் நடுவில் நானும் உன் கட்டத்தின் நடுவில் நீயும் பிடிப்போம். குறுக்கே குன்று இருந்தால் சுட முடியாது. நூல் இரண்டு கட்டங்களுக்கு நடுக்கோட்டிலேயே படுத்து, ஒரு பக்கம் குன்றும் ஒரு பக்கம் வெட்டவெளியுமாக இருந்தால்தான் வம்பு.

"என்னத்துக்குலே மல்லுக்கட்டுற? நீ என்னைச் சுடலாம்னா நானும் உன்னைச் சுடலாம். அம்புட்டுத்தான்" என்பாய்.

அப்புறம்தான் இந்தச் சனியனை வாங்கினேன். அதே விளையாட்டு, கம்ப்யூட்டரில். நம் குன்றுகளையே அதில் வரைந்து வைத்தேன். முதல் ஞாயிறே அந்த நடுக்கோடு வந்தது. நான் சுட்டேன், உன் ஆட்கள் பாதி காலி. நீ திருப்பிச் சுடப் போனால், பார்வை மறைக்கிறது என்று சிவப்பில் எழுத்து வந்தது.

"ஒரே கோடுதானேலே! உனக்குத் தெரியிறது எனக்கு எப்படித் தெரியாமப் போகும்? நூலை எடு."

நான் எடுக்கவில்லை. "கம்ப்யூட்டரே சொல்லுது. கணக்குப் புரியாட்டி போய் வேன் ஓட்டு" என்றேன்.

நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாய். அடுத்த ஞாயிறு வரவில்லை. நானும் வீம்புக்குப் போன் போடவில்லை. நாலாம் மாதம், வெம்பக்கோட்டை ரோட்டில் ஆட்களை இறக்கிவிட்டு, நெஞ்சு அடைத்து ஸ்டியரிங்கிலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்துவிட்டாயாம்.

இன்று அதே இடத்தைத் திறந்து பார்த்தேன். என் கட்டத்திலிருந்து தெரிகிறது, உன் கட்டத்திலிருந்து மறைக்கிறது. நடுக்கோடு வந்தால் போதும், பார்க்கிறவனுக்கு வலப்பக்கம் இருக்கிற கட்டத்தை மட்டும் இந்தக் குருட்டு மிஷின் எடுத்துக்கொள்கிறது. எனக்கு வலப்பக்கம் வெட்டவெளி. எதிர்க் கட்டத்திலிருந்து பார்க்கிற உனக்கு வலப்பக்கம் குன்று. த்தூ! இதையும் ஒருத்தன் செய்து விற்றிருக்கிறான்.

ஆனால் மிஷின்மேல் துப்பி என்ன செய்ய? நீ வருவதற்கு முந்தின நாளே தனியாக விளையாடிப் பார்த்து இதைத் தெரிந்துகொண்டேன் மாப்ளே. தெரிந்துதான் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டேன். துப்ப வேண்டியது என்மேல்தான்.

விளையாட்டை அழித்துவிட்டேன். பழைய ஷீட்டை விரித்து, என் முனையை என் கட்டத்தில் வைத்து அழுத்தினேன். உன் முனை எந்தக் கட்டத்திலும் நிற்கவில்லை, சுருண்டு என் கைக்கே வந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கிரீஸ் வாசம் இன்னும் போகவில்லை.