விசிலுக்குக் கிடைத்த மருந்து

கடிதம் எண்: 214
நாள்: 9 மார்ச் 2023, வியாழக்கிழமை
நேரம்: காலை 10.40

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். என் நலத்தில் கழுத்துக் கட்டியைச் சேர்க்கவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன்.

பிப்ரவரி 20, திங்கட்கிழமை, விசிலுக்கு உன் மருந்தை ஏற்றினார்கள். முப்பத்தோரு ஆண்டுகள் என் பக்கத்து மேசையில் சீட்டியடித்துக்கொண்டே கோப்பு பார்த்தவன். இப்போது அவனுக்கும் எனக்கும் ஒரே நோய், ஒரே மருத்துவமனை. ஆறு ஆண்டுகள் நீ பாடுபட்டுச் செய்த மருந்து அது: கிருமியின் நச்சை எடுத்து, கண்ட இடத்தில் ஒட்டும் அதன் பகுதியை வெட்டிவிட்டு, புற்றுச் செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பியை மட்டும் பற்றும் புரதத்தை இணைத்து, அந்தச் செல்லே விழுங்கிச் சாகும்படி அமைத்தது. அந்த ஏற்பிக்கு அவன் கட்டியில் மூன்றுக்கு மூன்று மதிப்பெண். என் கட்டியில் பூஜ்யம், ஆகவே எனக்கு மருந்து இல்லை. எந்தத் துறைத் தேர்விலும் என்னை முந்தாதவன் இதில் முந்திவிட்டான். ட்ரிப்ஸ் ஏறும்போது நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "யோவ் காலண்டரு, நம்ம பொண்ணு மருந்து ஜில்லுனு இறங்குதுய்யா" என்கிறான். நம்ம பொண்ணாம்! எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவன் வாசலில் நிற்கிறேன், பந்தியில் அவன் உட்கார்ந்திருக்கிறான்.

சென்ற வெள்ளி, மார்ச் 3, அவனுடைய பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி வந்தேன். அக்கறையால் அல்ல, எங்கேனும் பிழை இருக்கும், மூன்று ஒன்றாகக் குறையும் என்ற ஆசையால்தான். உன்னிடம் மறைப்பானேன். உன் அம்மா, "கட்டியில கூடவா போட்டி போடுவீங்க?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டேன். அவன் தாளில் ஒரு குறையும் இல்லை. மாதிரி எடுத்த நாள் 16 ஜனவரி 2023. என் தாளில் 14 நவம்பர் 2019. அதாவது, என் முதல் அறுவையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்திருந்த பழைய துண்டைத்தான் சோதித்திருக்கிறார்கள். இப்போது கழுத்தில் இருப்பதை எவரும் தொடவேயில்லை. தேதிக்காக ஊரோடு மல்லுக்கு நிற்கும் நான், என் தேதியைப் படிக்காமல் அவன் மதிப்பெண்ணையே வெறித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

திங்களன்று மருத்துவரிடம் காட்டினேன். "புதுக் கட்டியில ஏற்பி இருக்கலாம், இல்லாமலும் போகலாம் சார். எடுத்துப் பாத்துடலாம்" என்றார். மார்ச் 14, செவ்வாய், பயாப்சி. 22, புதன், முடிவு. இருந்தால் அடுத்த நாற்காலி எனக்கு. இல்லையேல் தர வேறு மருந்து மிச்சமில்லை என்றும் சொல்லிவிட்டார். அதை உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை; நீயும் சொல்லாதே. எனக்காக எவரிடமும் பரிந்து பேசவும் வேண்டாம். சலுகையில் இடம் பிடித்தால் அந்தச் சீட்டிக்காரன் ஆயுளுக்கும் சொல்லிக்காட்டுவான். "ரெண்டு மார்க் எடுத்தா பாஸ்யா, பயப்படாதே" என்கிறான். எனக்கு இரண்டு போதாது, மூன்று வேண்டும்.

நோய் நொடியின்றி நூறாண்டு வாழ்க. கையுறையின்றி எதையும் தொடாதே. 22ஆம் தேதி கைபேசியை அணைத்து வைக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற (விசில் அல்ல) அப்பா

இணைப்புகள்:
1. என் அறிக்கையின் நகல். தேதி சிவப்பில் அடிக்கோடிடப்பட்டது.
2. பயாப்சிக்கு நான் கையெழுத்திட்ட ஒப்புதலின் நகல்.
3. ட்ரிப்ஸ் நாற்காலியில் கட்டைவிரலை உயர்த்தியபடி விசிலின் படம் ஒன்று. அனுப்பச் சொல்லி நச்சரித்தான். என் படம் வந்து சேரும்வரை இதை ஆய்வகச் சுவரில் ஒட்டாதே.