ஒரு கெயின், இரண்டு மிக்ஸர்

நகரி,
ஞாயிறு காலை.

அன்பும் பயமும் சரிபாதியாகக் கலந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நைனாவுக்கு சஞ்சய் எழுதுவது.

இதனால் குடும்பத்தார் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில், நம் ஓட்டை ஸ்பீக்கர் பெட்டிக்குள் தெருப் பூனை மூன்று குட்டிகள் ஈன்றுள்ளது. தாயும் சேய்களும் நலம். அந்தப் பெட்டியிலிருந்து சத்தம் வருவது இரண்டு வருஷத்தில் இதுவே முதல் முறை.

கால் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று அம்மா சொன்னபிறகுதான் எங்களுக்குச் சோறு இறங்கியது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்களாமே! இனி நீங்களும் நம் லைட் ஸ்டாண்டும் ஒரே வம்சம். போனில் பேசினால் அக்கா பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் துணி கொண்டுவரும் நம் வேன் டிரைவர் சுரேஷ்பாபு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

புதன்கிழமை திருப்பதியில் அக்ஷயாவின் நாட்டிய அரங்கேற்றம். நீங்கள் இல்லாமல் நாங்கள் சவுண்ட் பார்த்த முதல் நிகழ்ச்சி. மேடைப் பெட்டியில் எல்லா மைக்கையும் சொருகி, அங்கிருந்து இரண்டு மிக்ஸருக்கும் கேபிள் இழுத்தோம். ஹாலுக்குப் பெரிய மிக்ஸரில் பிரித்திகா அக்கா. யூடியூப் லைவுக்குச் சின்ன மிக்ஸரில் அடியேன். பாடகி சுலோசனா அம்மா மேல் ஸ்தாயிக்குப் போனதும் என் ஹெட்போனில் குரல் பிளந்தது. நான் பதறவில்லை. மைக்கின் சத்தத்தை மூலத்திலேயே கூட்டிக் குறைக்கும் கெயினைப் பிடித்து ஒரே திருகு. குரல் வெண்ணெய்! லைவில் ‘சவுண்ட் சூப்பர்’ என்று கமெண்ட் வேறு.

அதே நேரம் ஹாலில் பாட்டு காணாமல் போயிற்று. அக்ஷயா தூக்கிய காலோடு நட்டுவனாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தாளத்தை விடாமல் தட்டினார். அக்காவின் திரையில் கெயின் ‘தானாக’ இறங்கியிருந்தது. அவள் அதை ஏற்றி, குரலை மீட்டாள். பத்து விநாடி இருக்கும். அப்புறம் மங்களம் வரை ஒரு குறையும் இல்லை.

ஆனால் ஹால் மேனேஜர் நாகபூஷணம் சார் விடவில்லை. “ஏம்மா, உங்க நைனா இருந்தா இப்படி ஆவுமா? பொம்பளப் புள்ளைய உக்கார வெச்சிக்கினு வெளையாடுறீங்களா?” என்று எல்லார் எதிரிலும் கேட்டார். அக்கா, “என் தப்புதான் சார்” என்றாள். அவர் உங்களுக்குப் போன் செய்ய, நீங்களும், அதே ஹாலில் வரும் வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு அக்காவுக்குப் பதில் ரேணிகுண்டா சவுண்ட்காரர் வெங்கடசாமியை மிக்ஸரில் உட்காரச் சொல்லிவிட்டீர்கள். “சரி நைனா” என்று போனை வைத்தவள், மிக்ஸருக்கு உறை போட்டு மூடினாள். இன்னும் திறக்கவில்லை.

நைனா, கெயின் இருப்பது மேடைப் பெட்டியில். எந்த மிக்ஸரில் குறைத்தாலும் இரண்டிலும் குறையும். பழைய மிக்ஸர்களில் அவரவர் கெயின் அவரவருக்கு. நான் அதே நினைப்பில் இருந்தேன். தொட்டி ஒன்று, வீடு இரண்டு. என் குழாயை மூடாமல் தொட்டி வால்வையே மூடிவிட்டேன். சின்ன மிக்ஸர்காரன் கெயினைத் தொடக்கூடாது என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த அன்று, நான் சுரேஷ்பாபு அண்ணனின் செருப்பை ஒளித்துக்கொண்டிருந்தேன். அவர் போனிலிருந்து அந்த ‘சூப்பர்’ கமெண்ட்டைப் போட்டதும் நான்தான்.

திரும்பும்போது புத்தூரில் வேன் நின்றது. “டேய், நீதானே தொட்டே? வுடு. நைனா கால் ஆறட்டும், அதுவரிக்கும் வாயத் தொறக்காதே” என்றாள் அக்கா. நானும் சமர்த்தாக மூடிக்கொண்டேன்.

நேற்று நாகபூஷணம் சாருக்கு நானே போன் போட்டு ஒப்புக்கொண்டேன். தெலுங்கில் ஐந்து நிமிடம் அர்ச்சனை. கடைசியில், “சரே, அப்போ அந்தப் பாப்பாவே வரட்டும்” என்றார். அப்பாடா என்றிருந்தது. இனி நீங்கள்தான் பாக்கி. இன்று சாயங்காலம் அக்காவைக் கூப்பிட்டு, ‘வெள்ளிக்கிழமை நீயே பாத்துக்கம்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். என்னை ஒயர் சுற்றப் போட்டாலும் சரி.

முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டியது இது. இவ்வளவு தூரம் இழுத்ததற்குக் காரணம் பயம்தான், நைனா.

பணிவுடன்,
சஞ்சய்