எஞ்சினுக்குள் ஒரு முடிச்சு

ஸ்ரீ ரேணுகாம்பாள் துணை

ஆரணி,
1-8-82, ஞாயிறு.

அன்பு மகள் ரேணுகாவுக்கு அம்மா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் தருமன் சித்தப்பா வீட்டாரும் சௌக்கியமாக இருக்கிறோம். கரக்பூரில் மழை பிடித்துக்கொண்டது என்றும், ஆஸ்பத்திரியில் உனக்கு வேறு வார்டில் டியூட்டி போட்டுவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய், உடம்பைக் கவனித்துக்கொள், ஊரில் இருப்பவர்களுக்கெல்லாம் மாத்திரை கொடுக்கிறவள் உனக்குத் தலைவலி என்றால் மட்டும் சும்மா விட்டுவிடுகிறாய். இங்கே ஆடிக் காற்று அடிக்கிறது, காயப்போட்ட துணி பக்கத்து வீட்டுக்குப் போய்விடுகிறது. ஆவணிக் கல்யாணங்களுக்காகத் தறியெல்லாம் ஓயாமல் ஓடுகிறது, சித்தப்பா சாப்பிடக்கூட உட்காருவதில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானம் கொடுத்திருக்கிறார்கள், பாடம் நடத்திக்கொண்டே இருக்கும்போது மனம் வீட்டுக்கு ஓடிவிடுகிறது, பிள்ளைகள் டீச்சர் டீச்சர் என்று கூப்பிட்ட பிறகுதான் திரும்பி வருகிறேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதத்தில் பாதிக்கு மேல் அப்பாவின் மோட்டார் சைக்கிள் வண்டியைப் பற்றித்தான் இருந்தது. அப்பாவை அதன் பக்கமே விடாதே, யாராவது கேட்டால் கொடுத்துவிடு என்று எழுதியிருக்கிறாய். தை மாதம் தேசூர் நெசவாளர்களுக்குப் பாவு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது தெள்ளார் பக்கத்தில் மயக்கம் வந்து வண்டியோடு மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகள் மேல் விழுந்தாரே, அந்தச் சேதி கேட்டு நீ ரயிலேறி வந்து நின்ற முகம் எனக்கு மறக்கவில்லை. வேலூர் டாக்டர் என்ன சொன்னார் என்பதும் நினைவிருக்கிறது. ஆறு மாதம் வண்டி ஓட்டக்கூடாது, அதற்குள் மறுபடி வராவிட்டால் பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் என்ற வார்த்தையை அப்பா ஓட்டலாம் என்று எடுத்துக்கொண்டார், நீ கூடாது என்று எடுத்துக்கொண்டாய், நடுவில் நான் இருக்கிறேன். இதுவரை மறுபடி வரவில்லை, மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறார், அதை உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

நீ பார்த்தபோது வண்டி முன் ஃபோர்க் வளைந்து மூலையில் சாய்ந்து கிடந்தது. அதை மட்டும் நேராக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தவர், கை வைத்ததுதான் வைத்தோம் என்று ஒரு ஆணி விடாமல் கழற்றிவிட்டார். கூடத்தில் தறிக்கும் சுவருக்கும் நடுவே பழைய புடவையை விரித்து அதன் மேல் எல்லாவற்றையும் பரப்பினார். என் எவர்சில்வர் டம்ளரெல்லாம் நட்டும் வாஷரும், இட்லித் தட்டுக் குழியில் பால் பேரிங் குண்டு, வீடு முழுக்க மண்ணெண்ணெய் வாசனை. சீமையில் செய்த பழைய வண்டி, இப்போது எதுவும் கடையில் கிடைப்பதில்லை, பட்டணத்துக்கு ஆள் போனால் புதுப்பேட்டையில் பழைய சாமான் தேடச் சொல்லி அனுப்புவார், கிடைக்காததைத் தாமே ராவிச் செய்துகொள்வார். பெட்ரோல் டாங்கிக்கு என்ன நிறம் என்று கேட்ட பெயின்டர் ஜெயவேலிடம் நம் அரக்குப் புடவையின் முந்தானைத் துண்டை வெட்டிக் கொடுத்து, இதற்கு ஒரு பொட்டு கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம் என்றார். ஜெயவேல் தலையில் அடித்துக்கொண்டு போனார், ஆனால் அதே நிறம் வந்துவிட்டது. எனக்குத் தொந்தரவுதான், ஆனாலும் நான் தடுக்கவில்லை. வண்டியைக் கழற்றிக்கொண்டிருக்கிறவரை அவர் அதன் மேல் ஏற முடியாது அல்லவா. இது முடியவே முடியாது என்றும் நினைத்தேன்.

முடிந்துவிட்டது. ஆனி மாதம் வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது, தெருவே வந்து பார்த்தது. ஆனால் எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டியது. எஞ்சினின் அடிப்பெட்டி இரண்டு பாதியாக இருக்கும், இரண்டும் சேரும் இடத்தில் எண்ணெய் கசியாமல் இருக்க அரக்குப் பசை தடவி முறுக்கிய பட்டு இழை ஒன்றை வளைத்து வைத்து இறுக்குவது அப்பாவின் வழக்கம், மற்ற ஊர் மெக்கானிக்குகள் காகிதமும் பசையும் வைத்துப் படாத பாடு படுகிறார்கள், நம் வீட்டில் பட்டுக்கா பஞ்சம் என்பார். எத்தனையோ வருஷம் சொட்டாத வண்டி இப்போது சொட்டுகிறது. போல்ட்டை இறுக்கிப் பார்த்தார், வெளியே பசை அப்பிப் பார்த்தார், நிற்கவில்லை. தினமும் காலையில் வண்டிக்கு அடியில் செய்தித்தாளை மாற்றி விரிக்கிறார், மறுநாள் அதில் ஒரு வட்டம். எதிர்வீட்டு முனியம்மாள் வாசல் தெளிக்க வரும்போதெல்லாம், என்னா டீச்சரம்மா, உங்க வூட்டுப் பிள்ளை இன்னுமா ஒன்னுக்குப் போய்கினு கீது, பவுடர் போட்டுத் துணி கட்டி விடுங்க என்கிறாள். தருமன் சித்தப்பா தன் பங்குக்கு, அண்ணி, அது வண்டி இல்ல, கோயில் தேரு, வருஷத்துக்கு ஒரு தரம் வடம் புடிச்சு இழுத்துட்டு மூடி வச்சிடணும் என்கிறார். அப்பாவும் சேர்ந்து சிரிக்கிறார். சொட்டுகிற வண்டியை ரோட்டில் எடுக்கமாட்டார், அது அவர் கொள்கை.

ரேணு, அது ஏன் சொட்டுகிறது என்று எனக்குத் தெரியும். இழையை வைத்த அன்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான்தான். நீ சின்னக் குழந்தையாக இருந்தபோது இந்த டாங்கி மேல் உட்கார்ந்துகொண்டு வந்து ஹாண்டில் பாரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாயே, அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டே இழையை ஓட்டிவந்தார். அடிப்பக்கம் வரும்போது இழை அறுந்தது. பேச்சை நிறுத்தவில்லை, கீழே குனிந்துகூடப் பார்க்கவில்லை, இரண்டு விரலால் முனைகளைச் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு முடிச்சு, மேலே போய்விட்டார். பிறந்ததிலிருந்து தறியில் அறுந்த இழையை முடிந்த கை, அறுந்தால் முடியத்தான் தெரியும், விட்டுவிட்டு வேறு இழை எடுக்கத் தெரியாது. முடிந்ததே அவருக்குத் தெரியாது. புடவையில் அந்த முடிச்சு ஒன்றும் செய்யாது. இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் கடுகில் பாதி இருந்தாலும் அந்த இடத்தில் சந்து விழுமே. சரியாக அந்த முடிச்சுக்குக் கீழேதான் எண்ணெய் சொட்டுகிறது. முதல் நாள் கறையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

காலையில் பால் பொங்குவதற்கு முன்னால் போய்ச் செய்தித்தாளைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. வட்டம் இருந்தால் அன்றைக்கு எனக்கு மூச்சு சீராக வருகிறது. கணவன் வீட்டில் இருக்கவேண்டும் என்று எண்ணெய்க் கறையைக் கும்பிடுகிற பெண் வேறு எங்காவது இருப்பாளா தெரியவில்லை. நீ கேட்டதைத்தான் நான் செய்துகொண்டிருக்கிறேன், அவர் ஓட்டவில்லை, ஆனாலும் மனம் ஒரு இடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. கறிகாய் நறுக்க உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. தாங்க முடியாமல் உன்னிடம் கேட்கிறேன், சொல்லட்டுமா, சொல்லாமல் இருக்கட்டுமா. உனக்கு எப்படி இருக்கும் என்பதும் தெரியும். சித்தப்பா கூப்பிடுகிறார், மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன்.

11-8-82, புதன்.

எழுதியதை அப்படியே வைத்துவிட்டேன், தபாலில் போட மனம் வரவில்லை. இப்போது உன் பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போய்விட்டது. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் திங்கட்கிழமை மெக்கானிக் சின்னக்கண்ணு வந்தார். அப்பா அவரிடம், இந்த ஸ்பானர் எல்லாம் நீ எடுத்துக்கோ, வண்டிய காயலாங்கடையில எடைக்குப் போட்டுடலாம்னு இருக்கேன் என்றார். சின்னக்கண்ணு, இன்னா நைனா ஜோக் அடிக்கிறீங்க, ஒரு சொட்டு எண்ணெய்க்குப் போய் யாராவது வண்டிய வெட்டுவாங்களா என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. எண்ணெய்க்கு இல்லடா, பெட்டியோட ரெண்டு பாதியும் சேர்ற முகத்தக் கண்ணாடி மேல வச்சு மட்டமாத் தேய்ச்சது இந்தக் கைதான், மட்டம் வரல, அன்னிக்கு வுழுந்ததுல கைக்குள்ள என்னமோ போயிடுச்சு என்றார். இதோடு நின்றிருந்தால் நான் பொருட்படுத்தியிருக்கமாட்டேனோ என்னவோ. சாயங்காலம் பெங்களூரிலிருந்து நூல் வந்தது. ரேணு, கண்ணை மூடிக்கொண்டு விரலுக்கு நடுவில் ஒரு தரம் உருட்டி, இது நம்ம கேட்ட நூல் இல்ல, திருப்பி அனுப்பு என்று சொல்கிற மனிதர் உன் அப்பா, வியாபாரிகளே பயப்படுவார்கள். அன்றைக்கு நூலைக் கையில் எடுத்தார், உருட்டினார், மறுபடி உருட்டினார், பிறகு, தருமா, நீ பாத்துச் சொல்லுடா, எனக்கு இப்பல்லாம் சரியாத் தெரியறது இல்ல என்று நீட்டிவிட்டார். சித்தப்பா என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தார். கையில் ஒரு குறையும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால் அந்தக் கை தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டது. வண்டியிலிருந்து அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு நான் வேறு எதையோ அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா போன பிறகு சொல்லிவிட்டேன். மட்டம் சரியாகத்தான் இருக்கிறது, அடியில் இழை அறுந்தது, முடிச்சுப் போட்டீர்கள் என்றேன். நான் போடல என்றார். போட்டீர்கள், ரேணுவைப் பற்றிப் பேசிக்கொண்டே போட்டீர்கள் என்றேன். அவர் வலது கை விரல் இரண்டும் தாமாகவே ஒன்றோடொன்று உரசிப் பார்த்தன. அப்புறம், உனக்கு எப்பத்திலிருந்து தெரியும் என்று கேட்டார். முதல் நாளிலிருந்து என்றேன். ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுநாள் சின்னக்கண்ணுவைக் கூப்பிட்டு எஞ்சினை இறக்கினார், அடிப்பெட்டியைப் பிரித்தார், பழைய பசையைச் சுரண்டும்போது அந்த முடிச்சு கிடைத்தது. அதைப் பிளேடு நுனியில் எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். கோபமா விளையாட்டா என்று எனக்கு இன்றைக்கு வரை தெரியவில்லை. புது இழை ஓட்டுகிற அன்று கூடத்திலிருந்து, தேவகி, வந்து முனையப் புடி என்று குரல் வந்தது. போய்ப் பிடித்தேன். ஓட்ட ஆரம்பிக்கும் முன் நிமிர்ந்து, இந்தத் தரம் அறுந்தா வாயத் தொறந்து சொல்லு என்றார். சரி என்றேன். இழை அறுந்துபோகவில்லை. நான் இழையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அறுந்துவிடாதா என்று ஒரு மனமும், அறுந்துவிடக் கூடாதே என்று ஒரு மனமும்.

நேற்று வண்டியைக் கிளப்பி வெகுநேரம் ஓடவிட்டார். இன்று காலை செய்தித்தாளைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. முனியம்மாள்கூட எட்டிப் பார்த்துவிட்டு, அட, பிள்ளை பெரிசாயிடுச்சு என்றாள். நூல் மூட்டையை அப்பா மறுபடி பிரித்துப் பார்த்து அதில் ஒரு கட்டைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார், சித்தப்பா அண்ணனிடம் திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாகப் போனதை நான் பார்த்ததில்லை.

நாளை மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. உனக்கு அம்மன் பேரை வைத்த வருஷத்திலிருந்து அந்த வெள்ளிக்கு வண்டியில்தான் படவேட்டு ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போயிருக்கிறோம், இந்தத் தடவையும் போகவேண்டும் என்கிறார். பஸ்ஸில் போகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். நீ பஸ்ஸில வா, நான் கோயில் வாசல்ல நிக்கறேன் என்கிறார். அவரைத் தனியாக அனுப்பிவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வழியெல்லாம் ஜன்னலில் பார்த்துக்கொண்டே போக என்னால் முடியாது, அதனால் பின்னால் உட்கார்ந்து போகப் போகிறேன். வேலூர் டாக்டரிடம் இன்னொரு தரம் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும் என்று நீ சொல்வாய், நானும் சொன்னேன், கோயிலுக்குப் போய்விட்டு வந்து காட்டுவோம் என்கிறார், அதற்கு மேல் என்னால் அவரை நகர்த்த முடியவில்லை. வெயிலுக்கு முன்னால் கிளம்பவேண்டும், கண்ணமங்கலத்தில் நிறுத்தி டீ குடிக்கவேண்டும், தலை லேசாகச் சுற்றினாலும் உடனே ஓரங்கட்டவேண்டும், இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டிருக்கிறார். என் கை அவர் தோளில்தான் இருக்கும்.

இதை இன்றைக்குத் தபாலில் போட்டாலும் உன் கைக்கு வருவதற்குள் வெள்ளிக்கிழமை போயிருக்கும். தெரிந்துதான் போடுகிறேன். தந்தி கொடுத்து நீ தடுத்துவிடுவாய் என்று எனக்குப் பயம், தடுத்துவிட்டால் நிம்மதியாக இருக்குமே என்றும் இருக்கிறது. இதைப் படிக்கிறபோது இங்கிருந்து உனக்குத் தந்தி எதுவும் வராமல் இருந்தால், நாங்கள் நல்லபடியாகப் போய் உன் பேரில் அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பிவிட்டோம் என்று வைத்துக்கொள். அப்பாவைக் கோபித்து எழுதாதே, என்னைக் கோபித்து எழுது, பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு டியூட்டிக்குப் போகாதே, எங்கள் பள்ளிக்கூடத்துச் சிங்கராயர் சார் மகள் அடுத்த வாரம் உங்கள் ஊர் வழியாகக் கல்கத்தா போகிறாள், அவளிடம் மிளகாய்த்தூளும் மல்லாட்டை உருண்டையும் கொடுத்து அனுப்புகிறேன், வாங்கிக்கொள்ள மறக்காதே. அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும்.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அம்மா,
தேவகி

இதை ஒட்டுவதற்கு முன் இன்னொரு தரம் போய் வண்டிக்கு அடியில் பார்த்துவிட்டு வந்தேன். காகிதம் காய்ந்துதான் இருக்கிறது.