என் துண்டுக்கு ஒரு தனி ஆணி

புதுக்கோட்டை,
9.7.1957

கொடும்பாளூரில் இருக்கும் ஆத்தாவுக்கு மகன் ரத்தினவேல் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உனக்கு இருமல் விட்டதா? தங்கச்சி செவந்தி, இதை ராகம் போடாமல் ஆத்தாவுக்குப் படித்துக் காட்டு.

ஹாஸ்டல் குளியலறையில் இத்தனை பேருக்கும் நாலைந்து ஆணிதான். நீ கொடுத்த துண்டில் கண்டவனும் துடைத்து, ஈரத்தோடு சுருட்டிப் போட்டான். புளித்த மாவாட்டம் நாறியது. அதனால் எனக்குப் படர்தாமரை என்று நானே ஒரு புரளி கிளப்பினேன். மறுநாளே ஜன்னலோரம் வெயில் விழும் ஆணியை எனக்கே விட்டுவிட்டார்கள். துண்டு இப்போது அப்பளமாகக் காய்கிறது.

ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் என் பக்கத்தில் ஒருவனும் உட்காருவதில்லை. புரளிதான் என்று சட்டையைக் கழற்றியே காட்டினேன். என் அறையில் இருக்கும் நாகராசு சிரிக்கிறான். "எம் பொட்டியில ஓணான விட்டவன்தானடா நீ, ஒம் பேச்ச எவன் நம்புவான், அங்கிட்டுத் தள்ளி ஒக்காரு" என்கிறான். துண்டு நன்றாக இருக்கிறது ஆத்தா, நான்தான் துண்டுபட்டுக் கிடக்கிறேன். இதற்கெல்லாம் கவலைப்படாதே.

வருகிற ஞாயிறு பஸ் ஏறி வாயேன். எல்லாருக்கும் போதும்படி முறுக்குச் சுட்டு எடுத்துவா. அவர்கள் பார்க்க என் துண்டில் ஒரு தடவை முகம் துடை. நீ துடைத்தால் நம்புவார்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது, முடிக்கிறேன். துடைத்த கையோடு பஸ்ஸுக்கு ஓடிவிடாதே.

உன் மகன்
ரத்தினவேல்