ஒரே மூட்டை விதை

"எங்க வீட்டுல வாங்கியாந்த விதை சரியில்ல, வயலே பதராப் போச்சு" என்று கணவர் ரியாசுதீன் டீக்கடையில் சொன்னது ரஃபியாவின் காதுக்கு வந்துவிட்டது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உத்தமபாளையத்துக்கு பஸ் ஏறுமுன் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதினாள்:

"நீங்க சண்டைக்குக் கூப்பிட்ட விதைக்கடைக்காரவுக மதியம் வருவாக. ஆனியில நாத்துப் பாவாம, ஒன்றரை மாசம் கூடலூர்ல ஜீப் ஓட்டிக்கிட்டு இருந்தது யாரு? பிந்தி வெதச்ச பயிரு ஐப்பசி மழையில பூத்தா, பூவு கொட்டிப் பதராத்தான் போகும். விதை என்ன செய்யும்?"

மூடிய பேனாவை மறுபடி திறந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"பானையில சோறு இருக்கு. அதே மூட்டையில ரெண்டு படி எடுத்து, ஆனியிலயே கிணத்தடியில நான் வெதச்சு அறுத்த நெல்லு. வயிறாரச் சாப்பிட்டுட்டு, அவுககிட்ட விதை சரியில்லன்னு சொல்லுங்க."