நாற்பத்தொரு வலி

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை

இந்த நோட்டு நூலகத்து முதியோர் வகுப்பு டீச்சர் கொடுத்தது. "தினம் நாலு வரி எழுதுங்க தாத்தா. யாரும் படிக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்" என்றார்.

வயது அறுபத்தொன்பது. எழுத்துக் கூட்ட ஆரம்பித்து ஒன்பது மாதம். இந்த நாலு வரிக்குள் டீ ஆறிப்போனது. மனைவி எட்டிப் பார்த்து, "லெட்டரா? யாருக்குங்க?" என்றாள். எனக்குத்தான் என்றேன். "உங்களுக்கு நீங்களே லெட்டரா! பதில் வந்தா சொல்லுங்க" என்று போய்விட்டாள்.

மார்ச் 6, வியாழக்கிழமை

பஸ் ஜன்னலில் இருந்து படித்தவை: மருந்துக் கடை. பல் டாக்டர். இங்கே நிற்காதே.

கடைசிப் பலகைக்கு நேர் அடியில்தான் வேலைக்குப் போன காலம் எல்லாம் நின்றிருக்கிறேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை. அவர்களுக்கும் படிக்கத் தெரியாதோ என்னவோ.

தங்கச்சி வீட்டுக்குப் போய் வந்தேன். இரண்டு பஸ், நடுவில் ஒரு மணி நேரம் காத்திருப்பு. ஆனால் அவள் வீடு எங்கள் தெருவுக்கு நேர் எதிரே, ராணுவக் கேம்ப்புக்கு அந்தப் பக்கம். ராணுவம் வருவதற்கு முன்னால் எங்கள் தெரு முனையிலிருந்து நேராக ஒரு வலி இருந்தது. அதில் நடந்தால் பத்து நிமிடம். பிறகு நிலத்தைச் சுற்றிச் சுவர் வந்தது. நான் கொத்தனார். எங்கள் தெரு முனையில் அந்தச் சுவரைக் கட்டியது நான்தான். அப்போது இருபத்தொன்பது வயது. வேலை கிடைத்ததே என்று இருந்தது, வேறு ஒன்றும் தோன்றவில்லை.

தங்கச்சிக்கு இடுப்பு எலும்பு உடைந்து எட்டு மாதம். வாசலைத் தாண்டுவதில்லை. இந்த எட்டு மாதத்தில் நான் போனது ஐந்து தடவை. "அடுத்த தடவ பெட்டியோட வாண்ணே. வெளிநாட்டுக்கு வர்ற மாதிரிதான வர்ற" என்று சிரித்தாள். நான் கிளம்பியபோது சிரிக்கவில்லை.

மார்ச் 12, புதன்கிழமை

முன்பு தங்கச்சியோடு போனில் பேசும்போது கேம்ப் சங்கு ஊதினால், ஒரு காதில் நேராகவும் ஒரு காதில் போன் வாயிலாகவும் கேட்கும். அவ்வளவு பக்கம். கேம்ப்பை மூடி இரண்டு வருடம். இப்போது இரண்டு காதிலும் அமைதி. சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

மார்ச் 20, வியாழக்கிழமை

நகர அலுவலகத்தில் இருந்து ஒரு அம்மா வகுப்புக்கு வந்தார். கையில் பெரிய வரைபடச் சுருள். எல்லோரும் அவரை மேப் மேடம் என்கிறார்கள். "கேம்ப் நெலம் இனிமே உங்களோடது. என்ன வேணும்னு நீங்களே எழுதிக் குடுங்க" என்றார். ஆளுக்கு ஒரு சீட்டு. அதில் இரண்டு கேள்வி. என்ன தேவை? ஏன் தேவை? பதிலுக்குத் தீப்பெட்டி அளவில் ஆளுக்கொரு கட்டம்.

டீச்சர் இன்று லீவு. டீச்சர் இல்லாவிட்டால் வகுப்பில் நான்தான் முதல் (டீச்சரே சொன்னது). முதல் கட்டத்தில் எழுதினேன்: வலி. இரண்டாம் கட்டத்தில் எழுதினேன்: வயதானவர்களால் நடக்க முடியவில்லை. "சுற்றி நடக்க" என்று எழுத ஆசை. கட்டத்தில் இடம் இல்லை. பரவாயில்லை, புரிந்துகொள்வார்கள்.

பக்கத்தில் தையல்காரர். "யோவ் கொத்து, கைய எடுய்யா, மறைக்குது." என்னைப் பார்த்து அவர் எழுதினார். அவரைப் பார்த்துப் பின் பெஞ்சு எழுதியது. மீதிச் சீட்டுகளைத் தையல்காரர் கடைக்கு எடுத்துப் போய், துணி வாங்க வந்தவர்களை எல்லாம் உட்கார வைத்து, என் சீட்டைப் பார்த்து எழுத வைத்திருக்கிறார். மொத்தம் நாற்பத்தொரு சீட்டு. எல்லாம் என் எழுத்து! இரண்டு மாடி வீடு கட்டிக் கொடுத்தபோதுகூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை.

மார்ச் 21, வெள்ளிக்கிழமை

தங்கச்சிக்குப் போன் செய்து, எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். "நீயா? உன் கையாலயா?" மூன்று தடவை கேட்டாள்.

ஏப்ரல் 24, வியாழக்கிழமை

நகர மண்டபத்தில் முதல் வரைபடத்தை மாட்டியிருக்கிறார்கள் என்று எல்லோரும் போனோம். டீச்சரும் வந்தார். பச்சை பூங்கா. மஞ்சள் பள்ளிக்கூடம். நீலம் வீடுகள். எங்கள் தெரு முனையைத் தேடினேன். ரோஸ் கலரில் பெரிய கட்டம். ம-ரு-த்-து-வ நி-லை-ய-ம். சுற்றிலும் மதில். அந்தப் பாதை இருந்த இடத்தின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

மேப் மேடத்திடம் போனேன்.

"பாதை எங்கங்க?"

"எந்தப் பாதை?"

"நாங்க எழுதிக் குடுத்தோமே, நாப்பத்தோரு பேரு."

அவர் ஃபைலைப் புரட்டினார். "உங்க தெருவுலேருந்து பாதைன்னு ஒரு சீட்டுகூட வரல ஐயா. எல்லாருமே வலின்னுதான் எழுதியிருந்தீங்க. ஒரே தெருவுல இத்தன பேருக்கு மூட்டு வலியான்னு ஆபீஸே ஆடிப்போச்சு. அதான் ஆஸ்பத்திரிய உங்க வாசல்லயே வெச்சோம்."

"அதத்தாங்க நானும் சொல்றேன். வலி. எங்களுக்கு வலி வேணும்."

"வலி வேணுமா?"

"ஆமாங்க" என்றேன்.

சுவரில் சில சீட்டுகளை ஒட்டியிருந்தார்கள். என்னுடையதும் இருந்தது. டீச்சர் அதன் அருகில் போனார். திரும்பி, "தாத்தா" என்றார் மெதுவாக. "இது நோவு." பென்சிலால் பக்கத்தில் ஒன்று எழுதினார். வழி. "நடக்கறது இது."

ஒரு எழுத்து. யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது.

காது ரெண்டும் சுட்டுச்சு. என்னத்தப் பண்ணித் தொலச்சேன் நான்? நாப்பது பேரு கையப் புடிச்சு நான்தான அப்படி எழுத வெச்சேன்? அன்னைக்கு செங்கல்ல அடச்சேன். இன்னைக்கு எழுத்தால அடச்சுட்டேன். தங்கச்சிகிட்ட என்னன்னு சொல்றது —

ஏப்ரல் 25, வெள்ளிக்கிழமை

எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிற்றுக்கிழமை

பாடப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மழை இருக்கிறது. பழம் இருக்கிறது. எழுது, கிழமை எல்லாம் பயிற்சியில் இருக்கின்றன. அவற்றை நான் தப்பாக எழுதியதே இல்லை. வழி இல்லை. அதற்குப் படமும் இல்லை. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறேன், எங்கள் வாயில் எல்லாம் அது ஒன்றுபோலத்தான் விழும். இந்த நோட்டில் மார்ச் 6 பக்கத்திலும் அதே தப்பு. திருத்தவில்லை. இருக்கட்டும்.

தையல்காரர் வந்தார். "விட்டுத் தள்ளுய்யா. தப்பா எழுதி ஆஸ்பத்திரி வாங்கின ஆளு ஊர்லயே நீ ஒருத்தன்தான்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். ஆஸ்பத்திரி கெட்டதா? வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் அது எழும்பிவிட்டால் அந்த இடம் திறக்கவே திறக்காது. அந்தப் பக்கம் இருப்பது என் தங்கச்சி மட்டுமா? தையல்காரருடைய மாமியார், முட்டைக்காரம்மாவின் அக்கா, பாதித் தெருவுக்கு அங்கே ஆள் இருக்கிறது.

மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "எழுதத் தெரியாத காலத்துல நீங்க ஒரு தப்பும் பண்ணல. இப்பத் தெரிஞ்சுதான் பண்ணியிருக்கீங்க. போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்றதுக்கு ஸ்பெல்லிங் வேணாம்ல?"

ஏப்ரல் 30, புதன்கிழமை

கேம்ப் நிலம் பற்றிய கருத்துக் கேட்பின் கடைசிக் கூட்டம். எழுந்து நின்றேன். "நான் கொத்தனாருங்க. எழுதக் கத்துக்கிட்டு ஒரு வருஷம்கூட ஆகல. வழின்னு எழுதறதுக்கு வலின்னு எழுதிட்டேன். மத்தவங்க என்னப் பாத்து எழுதினாங்க. தப்பு என்னோடது மட்டும்" என்றேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மேப் மேடம்தான் ஃபைலால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

பிறகு கேட்டார்: "சரி ஐயா, எங்க மேப்புல அங்க பாதையே கெடையாதே. இருந்துச்சுங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"சுவருதான் ஆதாரம். மத்த எடமெல்லாம் ஒரே கட்டு. பாதைய மட்டும் ஆளுங்க நடக்கட்டும்னு கடைசி வரைக்கும் அடைக்கல. அந்தப் பன்னெண்டு அடி அப்புறமா தனியா அடச்சது. ரெண்டு ஓரமும் நேர் கோடா மூட்டுத் தெரியும். அடச்சவன் நான்தான்."

கூட்டம் முடிந்ததும் டேப்போடு சுவருக்கே வந்துவிட்டார். பூச்சைச் சுரண்டிக் காட்டினேன். மூட்டு இருந்தது. பன்னிரண்டு அடி இரண்டு அங்குலம்.

ஆனால் பதிவான சீட்டை மாற்ற ஒரு விதி. மே 9 வெள்ளிக்கிழமைக்குள் அவரவரே அலுவலகம் வந்து, அவரவர் கையால் புதுச் சீட்டு எழுத வேண்டும். "ஒருத்தருக்கு இன்னொருத்தர் எழுதக் கூடாது" என்றார். என்னைப் பார்த்து, "பாத்தும் எழுதக் கூடாது" என்றார்.

மே 2, வெள்ளிக்கிழமை

வகுப்பில் இந்த வாரம் ஒரே எழுத்து. ழ. வகுப்பில் இல்லாதவர்களையும் தையல்காரர் கடையில் இருந்து பிடித்து வருகிறார்.

"நாக்க உள்ள மடக்குங்க" என்றார் டீச்சர்.

"மடக்கினா பல்லு செட்டு கழண்டு வருது டீச்சர்" என்றார் தையல்காரர். வகுப்பு அரை மணி நேரம் நடக்கவில்லை.

எழுதுவது எனக்குப் பிடித்துவிட்டது. ம போட்டு, அடியில் ஒரு கொக்கியை இழுத்து வளைத்தால் ழ. சுவர் நேர் பார்க்கும் தூக்குக் குண்டின் நூலை விரலில் சுற்றுவது போல. கை அதைத் தானாகச் செய்கிறது. ரொட்டிக்குத் தட்டிய மாவிலும் எழுதி, மனைவியிடம் திட்டு வாங்கினேன்.

மே 9, வெள்ளிக்கிழமை

முப்பத்தொன்பது பேர் வந்தார்கள்! வரிசை படிக்கட்டு வரை நின்றது. ஒருவர் தன் மகளின் ஊருக்குப் போயிருக்கிறார். முட்டைக்காரம்மா மட்டும் வரவே மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்கே போய்க் கெஞ்சினேன். "ஏன்யா மாத்தணும்? நான் எழுதினது சரிதான். எனக்கு நெஜமாவே வலிதான்" என்று முட்டியை நீட்டிக் காட்டினார். பத்து முட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

என் சீட்டை நான் எழுதியபோது மேப் மேடம் மேஜைக்கு மேல் குனிந்து பார்த்தார். கொக்கி வரும் வரை மூச்சு விடவில்லை. நானும்தான்.

மே 28, புதன்கிழமை

தகவல் இல்லை. தங்கச்சி போனில் கேட்டாள், "எந்த எழுத்துண்ணே தப்பாச்சு?" சொன்னேன். அவளுக்கு எழுத்தே தெரியாது. இருந்தாலும் "ஐயோ, அதுவா" என்றாள்.

ஜூன் 19, வியாழக்கிழமை

புது வரைபடம். ரோஸ் கட்டம் இடம் மாறிவிட்டது. ராணுவத்தின் சாப்பாட்டுக் கூடம் சும்மாதானே கிடக்கிறது, அதையே ஆஸ்பத்திரி ஆக்குகிறார்கள். முட்டைக்காரம்மா தன் ஒரு சீட்டால்தான் வந்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போகிறார். சொல்லட்டும்.

எங்கள் தெரு முனையில் இருந்து நேராக ஒரு வெள்ளைக் கோடு. பூங்காவின் ஓரமாகப் போகிறது. நடுவில் இரண்டு சின்னப் புள்ளி, அது பெஞ்சாம். கோட்டின் மேல் பொடி எழுத்தில் எழுதியிருக்கிறது. விரலை வைத்துப் படித்தேன். நடைவழி. சரியான எழுத்தைத்தான் போட்டிருக்கிறார்கள். இரண்டு தடவை பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன், பட்டப் பகலில், சட்டையைக்கூடக் கழற்றாமல்.

நவம்பர் 17, திங்கட்கிழமை

சுவரை உடைக்கிறார்கள். மற்ற இடம் எல்லாம் மெஷின் இடித்ததும் பொலபொலவென்று விழுந்தது. என்னுடைய பன்னிரண்டு அடி மட்டும் அசையவில்லை. மெஷின்காரர் இறங்கி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எந்த மகராசன்யா இதக் கட்டினான்?"

"நான்தாம்ப்பா."

மேலும் கீழும் பார்த்தார். "கலவைய கொஞ்சம் கம்மியாப் போட்டிருக்கக் கூடாதா பெருசு?"

"அப்பத் தெரியாதுப்பா" என்றேன்.

மதியம் வரை நின்றது. பிறகு ஒரே துண்டாகச் சாய்ந்தது. கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். புழுதி அடங்கியதும் அந்தப் பக்கம் தெரிந்தது. தங்கச்சி வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. நீலம். அது நீலம் என்றே மறந்துபோயிருந்தேன்.

நவம்பர் 29, சனிக்கிழமை

வழி திறந்துவிட்டார்கள். இன்னும் ஜல்லிதான். பதினோரு நிமிடம். நடுவில் ஒரு இடத்தில் செருப்புக்குள் புகுந்த கல்லை எடுத்தேன், அதையும் சேர்த்து.

தங்கச்சி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள். நான் பஸ் வரும் பக்கம் இல்லாமல் எதிர்ப் பக்கத்தில் இருந்து வந்ததைப் பார்த்து வாக்கரையே அந்தப் பக்கம் திருப்பினாள். அப்புறம் கேட்டாள்:

"பெட்டி எங்கண்ணே?"

"பெட்டி எதுக்கு? அடுப்புல டீக்குத் தண்ணி வெச்சுட்டு வந்திருக்கேன்."

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை

எழுத நேரம் கிடைப்பதில்லை. இன்று மூன்று தடவை போனேன். காலையில் ஒரு தடவை. அங்கே விட்டுவிட்டு வந்த கண்ணாடியை எடுக்க ஒரு தடவை. மூன்றாவது தடவை தங்கச்சி வீடு வரை போகவில்லை. பாதி வழியில், பெஞ்சில், பக்கத்தில் வாக்கரை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள்.